ஏவ்பரி: கல்வட்டத்துக்குள் இருக்கும் கிராமத்தை ஒரே நாளில் பார்க்க முடியுமா?

ரெடிங்வாசி (கேள்வி)

வணக்கம். வரும் செப்டம்பர் மாதம் என் பெற்றோர் திருநெல்வேலியிலிருந்து முதன்முறையாக இங்கிலாந்துக்கு வருகிறார்கள். அப்பா வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆதிச்சநல்லூர்ப் பறம்பைச் சிறு வயதிலிருந்தே சுற்றி வந்தவர் என்பதால், லண்டனில் அரண்மனை வாசலைக் காட்டுவதைவிட மண்ணோடு ஒட்டிய பழமை ஏதாவதொன்றைக் காட்டினால்தான் அவர் மனம் நிறையும் என்பது எனக்குத் தெரியும். அலுவலகத்தில் கேட்டவர்கள் எல்லோரும் ஸ்டோன்ஹெஞ்சுக்குத்தான் அழைத்துச் செல்லச் சொல்கிறார்கள். ஆனால் அப்பாவோ தொலைபேசியில், "ஊரே கல்வட்டத்துக்குள் இருக்கிற ஒரு கிராமம் அங்கே உண்டாமே, அதைப் பார்க்க முடியுமா?" என்று கேட்கிறார். தேடிப் பார்த்ததில் அது வில்ட்ஷயர் மாவட்டத்திலுள்ள ஏவ்பரி என்று தெரிந்தது.

எங்களிடம் கார் இல்லை. ஒரு சனிக்கிழமை மட்டுமே ஒதுக்க முடியும். அம்மாவுக்கு மூட்டுவலி இருப்பதால் சமதரையில் மெதுவாக நடப்பார், ஏற்றம் ஏற மாட்டார். ரெடிங்கிலிருந்து பொதுப் போக்குவரத்தில் போய்த் திரும்ப முடியுமா, மக்கள் குடியிருக்கும் இடத்தில் நாம் எவ்வளவு தூரம் நுழைந்து பார்க்கலாம், எல்லாவற்றுக்கும் மேலாக ஸ்டோன்ஹெஞ்சை விட்டுவிட்டு அங்கே போவது தகுமா என்பதை, போய் வந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

மேற்குத்திசை வழிப்போக்கன்

வணக்கம் நண்பரே. நான் ஸ்விண்டனில் குடியிருப்பவன். பல முறை ஏவ்பரிக்குப் போயிருக்கிறேன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் வழி. ரெடிங்கிலிருந்து ஸ்விண்டனுக்கு நேரடி ரயில்கள் அடிக்கடி உண்டு, அரை மணி நேரப் பயணம்தான். ஸ்விண்டன் பேருந்து நிலையத்திலிருந்து டிவைசஸ் நோக்கிச் செல்லும் 49 எண் பேருந்து ஏவ்பரியின் நடுவிலேயே உங்களை இறக்கிவிடும். இறங்கும் இடமே கல்வட்டத்தின் உட்புறம் என்பதால், அம்மா நடக்க வேண்டிய தூரம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. பேருந்து நேரங்களை மட்டும் முந்தைய நாளே பார்த்து, கடைசிப் பேருந்துக்கு முந்தைய பேருந்தில் திரும்புவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

நுழைவுக்கட்டணம் கிடையாது, வாயிற்கதவும் கிடையாது. கற்களைத் தொடலாம், சாய்ந்து உட்காரலாம். நிலத்தை நிர்வகிக்கும் நேஷனல் டிரஸ்ட், அருங்காட்சியகம், வாகன நிறுத்தம் போன்றவற்றுக்குத்தான் பணம் வாங்குகிறது. கற்களுக்கு நடுவே ஆடுகள் மேய்ந்துகொண்டிருக்கும். ஆகவே புல்லில் உட்காரும் முன் ஒரு முறை கீழே பார்த்துக்கொள்வது நல்லது.

அளவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஸ்டோன்ஹெஞ்சின் கல்வட்டம் ஏறத்தாழ 30 மீட்டர் குறுக்களவு கொண்டது. ஓரிடத்தில் நின்றால் முழுவதும் கண்ணுக்குள் அடங்கிவிடும். ஏவ்பரியின் வெளிவட்டமோ 330 மீட்டர் குறுக்களவு கொண்டது. அதற்கு உள்ளே தலா ஏறத்தாழ 100 மீட்டர் அகலத்தில் இன்னும் இரண்டு வட்டங்கள் இருந்தன. வெளிவட்டத்துக்கும் வெளியே பெரிய அகழியும், அகழியிலிருந்து வெட்டியெடுத்த சுண்ணப்பாறையைக் குவித்து எழுப்பிய மண்கரையும் சுற்றி வருகின்றன. இவை அனைத்தின் நடுவிலும் சாலை, ஓலை வேய்ந்த கூரையுடைய ஒரு பப், அஞ்சலகக் கடை, சில வீடுகள் என்று ஊர் உட்கார்ந்திருக்கிறது. எங்கே நின்றாலும் ஒரு பகுதிதான் தெரியும் என்பதால், பேருந்தை விட்டு இறங்கியதும் "கல்வட்டம் எங்கே?" என்று தேடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் அதற்குள்தான் நின்றுகொண்டிருப்பார்கள்.

அதனால் தென்மேற்குப் பகுதியிலிருந்து தொடங்குங்கள். அங்கே கற்கள் வரிசையாக நிற்கின்றன, தரையும் ஓரளவு சமமானது. சாலையைக் கடந்தால், தெற்கு நுழைவாயிலருகே இருக்கை போன்ற குழிவுடைய பெரிய கல் ஒன்று நிற்கிறது. உள்ளூரில் அதைச் சாத்தானின் நாற்காலி என்பார்கள். அம்மா சற்று இளைப்பாறுவதற்கு அதைவிடப் பழமையான இருக்கை இந்நாட்டில் கிடைக்காது. வடபகுதியில் 'கோவ்' என்று அழைக்கப்படும் இரண்டு கற்களில் ஒன்று ஏறத்தாழ 100 டன் எடை இருக்கும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். கிழக்கு நுழைவாயிலில், மண்கரையின் மேல் வேர்கள் வெளியே பின்னிக் கிடக்கும் பீச் மரங்களைப் பார்க்கத் தவறாதீர்கள். அவற்றின் கிளைகளில் மக்கள் வேண்டிக்கொண்டு கட்டிய துணிநாடாக்கள் தொங்கும். நம் ஊர்க் கோயில் மரத்தில் தொட்டில் கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு அதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

குடியிருப்பவர்களைப் பொறுத்தவரை, வீட்டுத் தோட்டங்களுக்குள் நுழையாமலும் சன்னல்களை நோக்கிப் படம் எடுக்காமலும் இருந்தால் போதும். கோடைக்காலத்தில் சூரியன் திசைமாறும் ஜூன் 21ஆம் நாளையொட்டி பெருங்கூட்டம் கூடுவதால் அவர்கள் படும் பாடு வேறு. செப்டம்பரில் அந்தத் தொல்லை இல்லை.

கல்லும் மண்ணும்

வழிப்போக்கர் வழியைச் சொல்லிவிட்டார். ரெடிங்வாசியின் தந்தை வரலாற்று ஆசிரியர் என்பதால், அங்கே அவர் எதைப் பார்க்கப்போகிறார் என்பதைப் பற்றி நான் சற்றுச் சொல்ல விரும்புகிறேன். ஏவ்பரிக்குப் போகிற பெரும்பாலானோர், 4,500 ஆண்டுகளுக்கு முன் நட்ட கற்கள் அப்படியே நிற்பதாக நினைத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான்.

கற்கள் சார்சென் எனப்படும் கெட்டியான மணற்கல். அருகிலுள்ள மேட்டுநிலங்களில் தரைமேல் கிடந்தவை, ஸ்டோன்ஹெஞ்சின் கற்களைப் போலன்றி, செதுக்கப்படாமல் இயல்பான உருவிலேயே நடப்பட்டவை. கிமு 2850 முதல் 2200 வரையிலான காலத்தில் இந்த அமைப்பு கட்டங்கட்டமாக உருவாயிற்று என்பது இன்றைய கணிப்பு. 1908 முதல் 1922 வரை அங்கே அகழாய்வு செய்த ஹாரல்ட் செயின்ட் ஜார்ஜ் கிரே, இன்று பாதி தூர்ந்து கிடக்கும் அந்த அகழி முதலில் 9 மீட்டருக்கும் குறையாத ஆழம் கொண்டிருந்ததைக் கண்டறிந்தார். இரும்போ வெண்கலமோ இல்லாமல், மான்கொம்பைக் குத்துக்கோலாகக் கொண்டு அதை வெட்டியிருக்கிறார்கள். அகழியின் விளிம்பில் நின்று இதை ஒரு கணம் எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அதன் பிறகு வந்தது அழிவின் கதை. 14ஆம் நூற்றாண்டையொட்டி ஊர்மக்கள் பல கற்களைச் சாய்த்துக் குழிவெட்டிப் புதைத்தார்கள். கிறித்தவத் திருச்சபையின் அச்சமூட்டல் காரணம் என்பது ஒரு கருத்து, உழவுக்கு இடம் வேண்டியிருந்தது என்பது இன்னொரு கருத்து. 1938இல் ஒரு கல்லின் அடியில் ஆண் ஒருவரின் எலும்புக்கூடு கிடைத்தது. அவரருகே கத்தரிக்கோலும், கூரிய இரும்புக் கருவி ஒன்றும், 14ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தைச் சேர்ந்த வெள்ளிக்காசுகளும் இருந்தன. கருவிகளை வைத்து அவரை நாவிதரும் அறுவை மருத்துவருமான ஒருவராகக் கருதினார்கள். கல் சாயும்போது நசுங்கி இறந்தார் என்ற கதை நெடுநாள் நிலைத்தது. இரண்டாம் உலகப் போரின்போது லண்டன் குண்டுவீச்சில் அழிந்துபோனதாக நம்பப்பட்ட அந்த எலும்புக்கூடு 1990களின் இறுதியில் வேறோர் அருங்காட்சியகத்தில் மீண்டும் கிடைத்தபோது, ஆராய்ந்தவர்கள் அந்தக் கதையையே ஐயுற்றார்கள். நம் ஊரில் மருத்துவமும் முடிதிருத்தமும் ஒரே கையில் இருந்த காலம் உண்டல்லவா, உங்கள் தந்தைக்கு இது வியப்பாக இராது.

17, 18ஆம் நூற்றாண்டுகளில் நடந்தது இன்னும் கொடுமை. கல்லைச் சுற்றிக் குழி தோண்டி, வைக்கோலைப் போட்டுக் கொளுத்தி, கல் பழுக்கச் சூடேறியதும் அதன்மேல் கோடிழுத்ததுபோல் தண்ணீரை ஊற்றிச் சம்மட்டியால் அடித்துப் பிளந்தார்கள். பிளந்த துண்டுகள் வீடுகளுக்கும் தேவாலயக் கூடத்துக்கும் சுவராயின. ஆகவே, ஊரிலுள்ள பழைய வீட்டுச் சுவர்களையும் கல்வட்டத்தின் ஒரு பகுதியாகவே பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். 1719 முதல் 1724 வரை ஆண்டுதோறும் வந்து இந்த அழிவை வரைந்தும் அளந்தும் பதிவு செய்தவர் தொல்பொருள் ஆர்வலரான வில்லியம் ஸ்டூக்லி. ட்ரூயிடுகள் எனப்படும் பண்டைய கெல்ட்டியப் பூசாரிகள் பற்றிய அவருடைய கற்பனைகளை இன்று யாரும் ஏற்பதில்லை என்றாலும், மேற்கே பெக்காம்ப்டன் பக்கம் இருபுறமும் கற்கள் நட்ட பாதையான கல்வழி இரண்டாவதாக ஒன்று இருந்தது என்று அவர் எழுதியதைப் பலர் நம்பாதிருக்க, 1999இல் தொடங்கிய அகழாய்வு அவர் சொன்னதே சரி என்று காட்டியது. அவருக்கு முன்பே, 1649இல் வேட்டைக்கு வந்த மற்றொரு தொல்பொருள் ஆர்வலரான ஜான் ஆப்ரி, பேராலயம் ஊர்க்கோயிலை விஞ்சுவதுபோல ஏவ்பரி ஸ்டோன்ஹெஞ்சை விஞ்சுகிறது என்று எழுதினார். 1663இல் மன்னர் இரண்டாம் சார்லசையே அவர் இங்கே அழைத்து வந்து காட்டினார்.

இன்று நாம் காணும் தோற்றத்தைத் தந்தவர் அலெக்சாண்டர் கீலர். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் மார்மலேட் எனும் ஆரஞ்சுப் பழப்பாகு தயாரித்துச் செல்வம் சேர்த்த குடும்பத்தின் வாரிசு. அருகிலுள்ள விண்ட்மில் குன்றில் மார்க்கோனி நிறுவனம் வானொலிக் கம்பம் நிறுவப்போவதைக் கேட்டு, அதைத் தடுக்க நிலத்தையே விலைக்கு வாங்கியவர் அவர். 1930களில் ஏவ்பரியின் பெரும்பகுதியையும் வாங்கி, புதைந்த கற்களைத் தோண்டியெடுத்து அவற்றின் பழைய குழிகளிலேயே நிமிர்த்தி நட்டார். உடைத்து அழிக்கப்பட்ட கற்களின் இடத்தில் சிறிய சிமென்டுத் தூண்களை வைத்தார். 1937 முதல் 1939 வரை மேற்குப் பாதியைப் பெரும்பாலும் முடித்த நிலையில் போர் வந்து பணி நின்றது. அதனால்தான் மேற்கே கற்கள் நெருங்கி நிற்க, கிழக்கே வெறும் புல்வெளி கிடக்கிறது. ஆனால் அந்தப் புல்வெளி வெறுமையானதல்ல. பல கற்கள் இன்னும் அதன் அடியில் படுத்திருக்கின்றன. 2017இல் கருவிகளால் நிலத்தை ஊடுருவிப் பார்த்தபோது, தெற்கு உள்வட்டத்தின் நடுவில் ஏறத்தாழ 30 மீட்டர் பக்கமுள்ள சதுர அமைப்பு ஒன்றின் தடமும் தெரிந்தது.

ஒரு சொல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் பெருங்கற்காலம் என்றால் நாம் இரும்புக்காலத்தோடு சேர்த்தே நினைக்கிறோம். ஆதிச்சநல்லூரில் இரும்பும் தாழியும் உண்டு. ஏவ்பரியைக் கட்டியவர்களோ புதிய கற்கால மக்கள், உலோகம் அறியாமலே தொடங்கியவர்கள். இரண்டு இடங்களிலும் பெரிய கல் இருப்பதை வைத்து ஒன்றோடொன்று முடிச்சுப் போடும் கட்டுரைகள் இணையத்தில் நிறைய உலவுகின்றன. தந்தையார் அவற்றை நம்ப மாட்டார் என்று நினைக்கிறேன்.

பழைய சாலிஸ்பரிவாசி

மேலே இருவரும் எழுதியதை மறுக்கவில்லை. ஆனால் ஸ்டோன்ஹெஞ்சை இப்படி ஒரேயடியாகத் தள்ளிவிடுவது சரியன்று. கற்களைச் செதுக்கி, மேலே குறுக்குக்கல் ஏற்றி, மரவேலையில் செய்வதுபோல முளையும் துளையும் வைத்துப் பொருத்திய அந்த நுட்பம் ஏவ்பரியில் கிடையாது. இரண்டும் சேர்ந்துதான் 1986இல் ஒரே உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றன. இரண்டு நாள் கிடைத்தால் இரண்டையும் பாருங்கள். ஒரு நாள்தான் என்றால், கார் இல்லாமல் இரண்டையும் ஒரே நாளில் இணைக்க முயல வேண்டாம்.

கீலரைப் பற்றி எல்லோரும் புகழ்ந்தே எழுதுகிறார்கள். வட்டத்தைத் 'தூய்மைப்படுத்த' வேண்டும் என்ற எண்ணத்தில் அவர் உள்ளேயிருந்த வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கி இடித்தார் என்பதையும், 1943இல் நேஷனல் டிரஸ்ட் கைக்கு நிலம் போன பின்னும் அந்தக் கொள்கை சில காலம் தொடர்ந்தது என்பதையும், பல குடும்பங்கள் சற்று மேற்கேயுள்ள ஏவ்பரி ட்ரஸ்லோவுக்குக் குடிபெயர்ந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இன்று புல்வெளியாகத் தெரியும் சில இடங்களில் ஒரு காலத்தில் அடுப்பு எரிந்தது. பழங்கல்லைக் காப்பதற்காக ஊரை ஒதுக்கலாமா என்பது, அகழாய்வு நடக்கும் எந்த ஊரிலும் கேட்கப்படும் கேள்விதான்.

அருங்காட்சியகத்தில், விண்ட்மில் குன்றில் கிடைத்த மூன்று வயதுக் குழந்தையின் எலும்புக்கூட்டைப் பாருங்கள். அதை மீண்டும் மண்ணில் புதைக்க வேண்டும் என்று ட்ரூயிட் மரபை இன்று பின்பற்றும் குழுவினர் 2006இல் விண்ணப்பித்தார்கள். பொதுமக்களிடம் கருத்துக் கேட்ட பின், ஆய்வுக்காக அங்கேயே வைத்திருப்பது என்று 2010இல் முடிவானது. எனக்கு இந்த முடிவில் இன்னும் முழு உடன்பாடு இல்லை.

ரெடிங்வாசி

மூவருக்கும் மிக்க நன்றி. ஏவ்பரி என்றே முடிவு செய்துவிட்டோம். இன்னும் ஒரே ஒரு கேள்வி. சில்பரி குன்று, வெஸ்ட் கென்னட் நீள்கல்லறை ஆகிய இரண்டும் பக்கத்தில்தான் என்று வரைபடம் காட்டுகிறது. அம்மாவால் அங்கே வர முடியுமா?

மேற்குத்திசை வழிப்போக்கன்

சில்பரியை ஊரிலிருந்து தெற்கே சிறிது தூரம் நடந்தாலே பார்த்துவிடலாம், பேருந்திலிருந்தும் ஒரு கணம் தெரியலாம். கிமு 2400ஐ ஒட்டி மனிதக் கைகளே குவித்த, ஏறத்தாழ 30 மீட்டர் உயரமுள்ள குன்று அது. 1776இல் உச்சியிலிருந்து கிணறு இறக்கியும், 1849இலும் 1968இலும் பக்கவாட்டில் சுரங்கம் வெட்டியும் தேடினார்கள். புதையலும் கிடைக்கவில்லை, பிணமும் கிடைக்கவில்லை. இந்தத் துளைகளால் உட்புறம் தளர்ந்து 2000இல் உச்சி உள்வாங்கியதால், பின்னர் சுண்ணப்பாறையை நிரப்பிச் சரிசெய்தார்கள். மேலே ஏற அனுமதி இல்லை. ஆகையால் அம்மாவுக்கும் மற்றவர்களுக்கும் அங்கே ஒரே நிலைதான்.

நீள்கல்லறை அப்படியல்ல. ஊரிலிருந்து இரண்டு, இரண்டரை கிலோமீட்டர் வயல்வழி, கடைசியில் ஏற்றம், மழை பெய்திருந்தால் சேறு. அம்மாவை ஊரிலுள்ள புனித ஜேம்ஸ் தேவாலயத்தில் அமர வைத்துவிட்டு அப்பா மட்டும் போய் வரலாம். கிமு 3650ஐ ஒட்டிக் கட்டப்பட்ட, 100 மீட்டர் நீளமுள்ள மண்மேடு அது. கிழக்கு முனையில் கல்லால் கட்டிய ஐந்து அறைகள் உண்டு, குனிந்து உள்ளே போகலாம். ஏறத்தாழ நாற்பது பேரின் எலும்புகள் அங்கே கிடைத்தன. கைவிளக்கு கொண்டுபோங்கள். உள்ளே ஒரு கல்லில், கற்கோடரிகளைத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பான இடம் ஒன்று இருக்கிறது. கண்ணுக்கு எளிதில் அகப்படாது, விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ரெடிங்வாசி

போய் வந்துவிட்டோம் என்பதைத் தெரிவிக்கவே எழுதுகிறேன். காலையில் தூறல், பதினொரு மணிக்கு மேல் வெயில். அம்மா சாத்தானின் நாற்காலியில் உட்கார்ந்து கொண்டுவந்த எலுமிச்சைச் சாதத்தைப் பிரித்ததும் இரண்டு ஆடுகள் வந்து நின்றன. அவருக்கு அந்த நாளில் மிகவும் பிடித்தது அதுதான். தேவாலயத்துக்குப் போகும் வழியில் ஒரு வீட்டுச் சுவரைக் காட்டி, "இது அந்தக் கல்தானே?" என்று அவரே கேட்டபோது, நானும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அப்பா பெரிய கற்களைவிட சிமென்டுத் தூண்களிடம்தான் அதிக நேரம் நின்றார். இல்லாததை இல்லை என்று குறித்து வைத்திருக்கிறார்களே என்பதையே இரண்டு முறை சொன்னார். சாலிஸ்பரிவாசி எழுதியதை அவரிடம் படித்துக் காட்டியிருந்தேன். கிழக்குப் புல்வெளியில் நின்று, வீடுகள் எங்கே இருந்திருக்கும் என்று வெகுநேரம் தேடினார். குழந்தையின் எலும்புக்கூட்டைப் பற்றி வீட்டுக்கு வந்த பிறகும் எங்களுக்குள் வாக்குவாதம் ஓயவில்லை. அம்மா புதைக்க வேண்டும் என்கிறார், அப்பா கூடாது என்கிறார்.

நீள்கல்லறைக்கு அப்பா தனியாகவே போனார். நான் அம்மாவோடு தேவாலயத் திண்ணையில் இருந்தேன். ஒன்றரை மணி நேரத்தில் வருவதாகச் சொன்னவர் இரண்டே கால் மணி நேரம் கழித்துக் கால்சட்டை முழங்கால்வரை சேறோடு வந்ததால், திட்டமிட்ட பேருந்து போய்விட்டது. அடுத்ததற்குக் காத்திருந்தபோது, வழிப்போக்கர் சொன்ன அந்தக் கல் கிடைத்ததா என்று கேட்டேன். விளக்கை அணைத்துவிட்டுத் தடவினால்தான் கிடைக்கிறது என்று சொல்லி, பேருந்து நிழற்குடையின் தூணில் எப்படித் தடவினார் என்பதை எங்களுக்குச் செய்து காட்டினார்.